இம்ப்ளான்ட் பல்லைச் சுற்றி எலும்பு கரையும்போது: அறுவை சிகிச்சை எதற்கு, எப்படி?

பல் துலக்கித் துப்பும்போது நுரையில் ஒரு சிவப்புக் கீற்று. நாக்கால் தடவிப் பார்த்தால் இம்ப்ளான்ட் வைத்த இடம்தான், அதாவது இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து, அதன் மேல் பல் பொருத்திய இடம். வலி இல்லை, ஆட்டம் இல்லை, மெல்லுவதில் எந்தக் குறையும் இல்லை. சரி, பிரஷ் அழுத்திப் பட்டிருக்கும் என்று விட்டுவிடுகிறோம். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக எக்ஸ்ரே எடுக்கும்போது மருத்துவர் சொல்கிறார்: "இம்ப்ளான்டைச் சுத்தி எலும்பு கரைஞ்சிருக்கு. ஈறைத் திறந்து சுத்தம் பண்ணணும்."

கேட்பவருக்குக் குழப்பம் வருவது நியாயம். உலோகத்தில் சொத்தை வராதே, அப்புறம் எப்படி நோய்த்தொற்று? உலோகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் தாங்கி நிற்கும் ஈறும் எலும்பும்தான் நோய்ப்படுகின்றன. இந்த நோய்க்கு மருத்துவர்கள் வைத்த பெயர் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ். இம்ப்ளான்டைச் சுற்றி வரும் அழற்சி என்று பொருள்.

இதற்கான அறுவை சிகிச்சையை எலும்பு வளர்க்கும் ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் நிறைய பேர். அதன் முதல் வேலை சுத்தம் செய்வது. ஈறுக்கு உள்ளே ஒளிந்திருக்கும் திருகை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கண்ணால் பார்த்து, ஒவ்வொரு மரையாகத் தேய்த்து எடுப்பது. எலும்பு திரும்ப வருவது அதற்கு அப்புறம் உள்ள விஷயம். சிலருக்கு வரும், சிலருக்கு வராது. இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகப் புரிந்துவிடும்.

பல்லும் திருகும் ஒன்றல்ல

1950களில் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க் முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தபோது அது வரவில்லை. எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பல் இம்ப்ளான்ட். 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அவர் டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினார். எலும்பும் டைட்டானியமும் இடைவெளியின்றி ஒட்டிக்கொள்ளும் இந்த எலும்பிணைவுதான் இம்ப்ளான்டின் பலம்.

பலவீனமும் பக்கத்திலேயே இருக்கிறது. நம் சொந்தப் பல், எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே நுண்ணிய நார்களாலான ஒரு மெல்லிய படுக்கை இருக்கிறது. ஈறிலிருந்து வரும் நார்களும் பல்வேரின் மேற்பரப்பில் குத்தி நுழைந்து, சட்டையின் காலர் போல இறுக்கமாகப் பிடித்திருக்கும். வெளியிலிருந்து கிருமிகள் இறங்க இது ஒரு தடை. நார்ப்படுக்கையில் ரத்த நாளங்கள் நிறைய என்பதால் எதிர்ப்பு அணுக்களும் உடனே வந்து சேரும்.

இம்ப்ளான்டில் அந்த நார்ப்படுக்கையே கிடையாது. ஈறின் நார்கள் உலோகத்துக்குள் நுழைய முடியாது. அதை ஒட்டி, அதைச் சுற்றி ஓடும், அவ்வளவுதான். ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் ஈறில் தொடங்கும் அழற்சி எலும்பை எட்டுவது எளிது. எட்டிய பிறகு பல்லில் வரும் ஈறுநோயைவிட வேகமாகவும், போகப் போக இன்னும் வேகமெடுத்தும் எலும்பைக் கரைக்கிறது.

வலி ஏன் இல்லை என்ற கேள்விக்கும் பாதி விடை இங்கே கிடைக்கும். பல்லுக்குள் நரம்பு உண்டு, நார்ப்படுக்கையிலும் உணர்வு நரம்புகள் உண்டு. திருகில் இரண்டுமே இல்லை. ஆட்டமும் கடைசி வரை தெரியாது. மேல்பாதி எலும்பு கரைந்து போயிருந்தாலும், கீழ்ப்பாதி எலும்போடு ஒட்டியிருக்கும் வரை திருகு கல் போல நிற்கும். 'ஆடவில்லையே, நன்றாகத்தானே இருக்கிறது' என்ற நம்பிக்கை இங்கே ஆளை ஏமாற்றிவிடும். இம்ப்ளான்ட் ஆடத் தொடங்கிவிட்டது என்றால், பெரும்பாலும் காப்பாற்றும் கட்டம் தாண்டிவிட்டது. (திருகின் மேலே மாட்டும் பல் வடிவ உறையான கிரவுன் மட்டும், அதைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்குரூ தளர்ந்து ஆடினால் அது வேறு கதை. அதை இறுக்கிவிடலாம். எது ஆடுகிறது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார்.)

ஈறோடு நின்றதா, எலும்புக்குப் போய்விட்டதா?

நோய்க்கு இரண்டு கட்டங்கள். முதலாவது மியூக்கோசைட்டிஸ். ஈறு மட்டும் சிவந்து வீங்கும், தொட்டால் ரத்தம் கசியும், எலும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நன்றாகச் சுத்தம் செய்தால் மீண்டுவிடலாம். இரண்டாவது பெரி-இம்ப்ளான்டைட்டிஸ், எலும்பும் கரையத் தொடங்கிய கட்டம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்களில் சராசரியாக 43 விழுக்காட்டினருக்கு முதல் கட்டமும், 22 விழுக்காட்டினருக்கு இரண்டாம் கட்டமும் இருக்கிறது. அரிதான நோய் இல்லை இது.

எந்தக் கட்டம் என்று கண்டுபிடிக்க, மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் இம்ப்ளான்டுக்கும் நடுவே மென்மையாக இறக்கி ஆழம் பார்ப்பார்கள். ரத்தமோ சீழோ வருகிறதா, ஆழம் முன்பைவிடக் கூடியிருக்கிறதா, எக்ஸ்ரேயில் எலும்பு இறங்கியிருக்கிறதா, இவை மூன்றையும் சேர்த்துத்தான் முடிவு. இம்ப்ளான்ட் வைத்த புதிதில் எலும்பு கொஞ்சம் இறங்கி நிலைபெறுவது இயல்பு. அதை நோயாகக் கணக்கில் எடுப்பதில்லை. பழைய பதிவுகள் எதுவுமே இல்லாவிட்டால் ஒரு மாற்று அளவுகோல் இருக்கிறது: ரத்தக் கசிவோடு 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழம், எலும்பு மட்டம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் கீழே. 2017-இல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறுநோய் மருத்துவர்கள் கூடி வகுத்த வரையறை இது.

இதனால்தான் கிரவுன் மாட்டிய நாளில் எடுத்த எக்ஸ்ரே ஒரு பொக்கிஷம் என்கிறேன். ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறொரு மருத்துவரிடம் போக நேர்ந்தால், எங்கிருந்து எவ்வளவு கரைந்தது என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிடும்.

காரணங்களை நீட்டி எழுத வேண்டியதில்லை. அடிப்படைக் காரணம் திருகின் மேல் படியும் கிருமிப் படலம். ஏற்கெனவே ஈறுநோயால் பல்லை இழந்தவர்கள், ஒழுங்காகப் பரிசோதனைக்கு வராதவர்கள், புகைப்பவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். பலருக்குத் தெரியாத இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கிரவுனை ஒட்டும்போது ஈறுக்குள் பிதுங்கி அங்கேயே தங்கிவிட்ட சிமென்ட். மற்றொன்று, பிரஷ் நுழையவே முடியாதபடி புடைத்துக்கொண்டிருக்கும் கிரவுனின் வடிவம். இந்த இரண்டிலும் நோயாளியின் தவறு எதுவும் இல்லை. நீங்கள் சரியாகத் துலக்கவில்லை என்று யாராவது சொன்னால், துலக்க வழி இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பதில் தப்பில்லை.

நேராக ஆபரேஷனுக்குப் போவதில்லை

ஐரோப்பிய ஈறுநோய் மருத்துவக் கூட்டமைப்பு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் படிப்படியாகப் போகச் சொல்கிறது. முதலில் ஈறைக் கீறாமல் சுத்தம் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் கிரவுனைக் கழற்றி வடிவத்தைத் திருத்த வேண்டும். வீட்டில் துலக்கும் முறையைச் சரிசெய்து, புகையை நிறுத்தி, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அதன் பின் 6 முதல் 12 வாரங்கள் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். ஆழம் 5 மி.மீ.க்குள் வந்து, சீழ் நின்று, ரத்தம் ஏறக்குறைய நின்றிருந்தால் நல்லது, பராமரிப்போடு தொடரலாம். 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமும் கசிவும் இன்னும் இருந்தால்தான் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு.

எலும்பு கரைந்த நிலையில் இந்த முதல் படி மட்டுமே போதாமல் போவது சகஜம். காரணம் திருகின் வடிவத்திலேயே இருக்கிறது. இம்ப்ளான்டில் மரைகள் உண்டு. அந்த மரைகளின் மேற்பரப்பும், எலும்பு பற்றிக்கொள்ள வசதியாக, வேண்டுமென்றே சொரசொரப்பாக்கப்பட்டது. எலும்பு மூடியிருக்கும் வரை அது வரம். எலும்பு விலகி வெளியே தெரிந்துவிட்டால், அதே சொரசொரப்பு கிருமிகளுக்கு இருப்பிடமாகிவிடும். ஈறுக்குள் கையைவிட்டுத் துழாவுவது போல, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கருவியை இறக்கித் தேய்த்தால் மரையின் முகடுகளைத் தொடும், பள்ளங்களைத் தொடாது. கிரவுனின் புடைப்பு வேறு வழியை மறிக்கும். ஆகவே திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆனால் முதல் படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. அழற்சி கொஞ்சம் அடங்கிய ஈறில்தான் கத்தி சுத்தமாக இறங்கும், தையல் நிற்கும். அதைவிட முக்கியமாக, அந்த வாரங்களில் வீட்டில் சுத்தமாக வைத்துக்கொள்ளப் பழகாதவருக்கு ஆபரேஷன் செய்தால் அதன் பலன் நீடிக்காது.

ஈறைத் திறந்ததும்

பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்க வைக்கும் ஊசிதான். விழித்துக்கொண்டே இருப்பீர்கள். அழுத்தம் தெரியும், வலி தெரியாது. முடிந்தால் கிரவுனைக் கழற்றிவிடுவார்கள். இம்ப்ளான்டைச் சுற்றியும் பக்கத்துப் பற்களின் ஓரமாகவும் ஈறில் கீறி, எலும்போடு ஒட்டியிருக்கும் ஈறை ஒரு மடல் போல மெல்ல விலக்குவார்கள்.

விலக்கியதும் முதலில் தெரிவது திருகு இல்லை. எலும்பு இருக்க வேண்டிய பள்ளத்தை அடைத்துக்கொண்டு, கருஞ்சிவப்பாக, தொட்டாலே ரத்தம் வடியும் கொழகொழப்பான ஒரு சதை. அழற்சியால் வளர்ந்த திசு அது. கரண்டி போன்ற சின்னக் கருவியால் அதை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகுதான் ரத்தம் அடங்கும், பள்ளம் தெளிவாகும். பள்ளத்தின் நடுவே சாம்பல் நிறத்தில் மரை மரையாக டைட்டானியம். சில சமயம் மரைகளுக்கு நடுவே பற்காரை கெட்டியாகப் படிந்திருக்கும். வருடக்கணக்கில் ஒளிந்திருந்த சிமென்ட் துணுக்கு அகப்படுவதும் உண்டு.

அடுத்துத் தொடங்குவது சிகிச்சையின் இதயமான வேலை. டைட்டானியத்தாலான சுரண்டிகள், சுழலும் சின்ன டைட்டானியப் பிரஷ்கள், கிளைசின் அல்லது எரித்ரிட்டால் என்ற மென்மையான தூளைக் காற்றோடும் நீரோடும் பீய்ச்சும் கருவி ஆகியவை கைவசம் உண்டு. அப்புறம் சலைன், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற திரவங்களால் கழுவுவார்கள். இதில் எது சிறந்தது என்று கேட்டால், ஒன்று மற்றதை வென்றுவிட்டதாக ஆராய்ச்சிகள் இதுவரை காட்டவில்லை. லேசர் என்ற சொல்லுக்கு விளம்பரங்களில் கவர்ச்சி அதிகம். லேசர் இருந்தால்தான் நல்ல சிகிச்சை என்று நினைத்துவிடாதீர்கள். எந்தக் கருவி என்பதைவிட, பொறுமையாக ஒவ்வொரு மரையின் அடிப்பக்கத்தையும் எட்டிச் சுத்தம் செய்தார்களா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. மரையின் மேல்பக்கம் கண்ணுக்குத் தெரியும், கீழ்ப்பக்கம் தெரியாது. அங்கேதான் படலம் தங்கும்.

பள்ளத்தின் வடிவம்தான் வழியைத் தீர்மானிக்கிறது

சுத்தம் முடிந்ததும் மருத்துவர் பள்ளத்தைப் பார்க்கிறார். சொம்பில் ஊற்றிய தண்ணீர் நிற்கும், தட்டில் ஊற்றினால் வழிந்து ஓடும். எலும்புப் பள்ளமும் அப்படித்தான்.

கோட்டையைச் சுற்றி அகழி போல, திருகைச் சுற்றிலும் பள்ளம் விழுந்து, அதற்கு வெளியே எலும்புச் சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்தால் அது சொம்பு. எலும்புத் துகள்களைப் போட்டு நிரப்பினால் நிற்கும். அந்தத் துகள்கள் நம் தாடையிலிருந்தே எடுத்ததாக இருக்கலாம், பதப்படுத்திய மாட்டு எலும்பாக இருக்கலாம், தானமாகப் பெற்ற மனித எலும்பாகவோ செயற்கைப் பொருளாகவோகூட இருக்கலாம். எதைப் போடப்போகிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். விலங்குப் பொருள் வேண்டாம் என்பவர்களுக்கு மாற்று உண்டு. சில சமயம் மேலே கோலாஜன் என்ற புரதத்தாலான சவ்வு ஒன்றைப் போர்த்துவார்கள். வேகமாக வளரும் ஈறுத்திசு பள்ளத்துக்குள் புகுந்துவிடாமல், மெதுவாக வளரும் எலும்புக்கு இடம் பிடித்துவைக்க இந்தப் போர்வை. பிறகு ஈறை மேலே இழுத்துத் தைப்பார்கள். மறுசீரமைப்பு முறை என்பது இதுதான்.

சுவரே இல்லாமல் எலும்பு மட்டமாக இறங்கிப்போயிருந்தால் அது தட்டு. துகளைக் கொட்டினால் நிற்காது. இங்கே வேறு வழி: ஈறைக் கீழே இறக்கித் தைப்பது. கூர்மையாகத் துருத்தும் எலும்பு ஓரங்களைக் கொஞ்சம் சீவி, ஈறுக்கும் திருகுக்கும் நடுவே உள்ள ஆழமான பை போன்ற இடுக்கை இல்லாமலாக்கி, மரைகள் வெளியே தெரியும்படி விட்டுவிடுவார்கள். கேட்கக் கொடுமையாக இருந்தாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. வெளியே தெரியும் இடத்தை பிரஷ் தொடும், ஒளிந்திருக்கும் இடத்தைத் தொடாது. வெளியே தெரியும் மரைகளைச் சிலர் வைரத்தூள் பதித்த, சுழலும் சின்ன முனைகளால் (பர்) தேய்த்து வழுவழுப்பாக்குவார்கள். கிருமிப் படலம் எளிதில் ஒட்டாமலிருக்க இந்த ஏற்பாடு. ஆனால் தேய்க்கும்போது டைட்டானியத் துகள்கள் சிதறும், மெல்லிய இம்ப்ளான்ட் பலமும் இழக்கும். அதனால் எல்லாருக்கும் செய்வதில்லை.

நடைமுறையில் ஒரே திருகின் கீழ்ப்பகுதியில் அகழியும் மேல்பகுதியில் தட்டும் இருப்பதுண்டு. அப்போது கீழே நிரப்பி, மேலே தேய்த்து, இரண்டையும் கலந்து செய்வார்கள். எக்ஸ்ரே இருபரிமாணப் படம் என்பதால் கன்னப்பக்கச் சுவர் இருக்கிறதா இல்லையா என்று அதில் சரியாகத் தெரியாது. ஈறைத் திறந்த பிறகு மருத்துவர் திட்டத்தை மாற்றினால் பதற வேண்டாம். மாற்ற வேண்டியிருக்கலாம் என்று முன்னாலேயே சொல்லிவிடும் மருத்துவர் நல்ல மருத்துவர்.

முன்பல் இம்ப்ளான்டுக்கு இந்தப் பேச்சு இன்னும் கவனமாக நடக்க வேண்டும். எந்த முறையானாலும் வீக்கம் வற்றும்போது ஈறு கொஞ்சம் இறங்கும். ஈறை இறக்கித் தைத்தால் பல் நீளமாகத் தெரியும், உலோகம் எட்டிப்பார்க்கலாம். கடைவாயில் யாரும் பார்க்கப் போவதில்லை, முன்பல்லில் சிரித்தாலே தெரியும். நோய் நிற்பதா அழகு நிற்பதா என்ற நிலை வந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

எடுத்துவிடுவதே நல்லது என்றால்

திருகே ஆடுகிறது, எலும்பு பெரும்பகுதி போய்விட்டது, அல்லது எந்த நல்ல கிரவுனும் வைக்க முடியாத கோணத்தில் அது நிற்கிறது. இப்படிப்பட்ட நிலைகளில் எடுத்துவிடுவது சரியான முடிவு. இன்னும் ஒட்டியிருக்கும் திருகை எதிர்த்திசையில் முறுக்கி, சுற்றியுள்ள எலும்பை அதிகம் சேதப்படுத்தாமல் கழற்றும் கருவிகள் இருக்கின்றன. எலும்பு ஆறிய பின் மறுபடி இம்ப்ளான்டா, பிரிட்ஜா, கழற்றி மாட்டும் பல்லா என்று யோசிக்கலாம். கரைந்துகொண்டே போகும் இடத்தை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தால், அடுத்த பல்லுக்குத் தேவையான எலும்பும் சேர்ந்து போய்விடும். இதைத் தோல்வி என்று நினைத்து வருந்துகிறவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: எடுப்பதும் எலும்பைக் காப்பாற்றும் ஒரு வழி.

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், தாமாக நிறுத்தாதீர்கள். எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்போனேட் அல்லது டெனோசுமாப் எடுத்துக்கொண்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாடை எலும்பில் கைவைத்தால் புண் ஆறாமல் போகும் ஆபத்து அவர்களுக்கு உண்டு.

சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் வீக்கமும் வலியும் இருக்கும். தையல் இருக்கும் இடத்தில் பிரஷ் வைக்க முடியாது. அதனால் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷால் நாளுக்கு இரண்டு முறை கொப்பளிக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் 1 அல்லது 2 வாரங்களில் தையல் பிரிப்பார்கள், அப்புறம் மென்மையான பிரஷில் தொடங்க வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் எல்லாருக்கும் வழக்கமாகத் தர வேண்டிய மருந்து இல்லை. சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்டுகளில் முதல் ஆண்டில் கொஞ்சம் பலன் தெரிந்தும், 3 ஆண்டுகளில் அந்த வித்தியாசம் நீடிக்கவில்லை என்று ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. திருகின் மேல் படிந்த படலத்தை மாத்திரை கரைத்துவிடாது. கையால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்த நோய் திரும்பி வரக்கூடியது. அதனால் 3 மாதத்துக்கு ஒரு முறை தொடங்கி, நிலைமையைப் பொறுத்து இடைவெளியை நீட்டி, பரிசோதனையும் சுத்தமும் தொடர வேண்டும். வீட்டில் கிரவுனுக்கு அடியில் நுழையும் இன்டர்டென்டல் பிரஷ்தான் முக்கியக் கருவி. அளவு சரியாக இருக்க வேண்டும். லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரியான அளவு, தாராளமாகப் போய்வந்தால் சின்னது. மருத்துவர் முன்னால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை செய்து காட்டச் சொல்லி, நீங்களும் செய்து காட்டுங்கள்.

ஓர் ஆண்டு கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்து, திருகின் மரைகளை மேலிருந்து எண்ணிப் பாருங்கள். முன்பு நான்காவது மரையில் நின்றிருந்த எலும்பு இன்றும் நான்காவதிலேயே நின்றால் நோய் நின்றிருக்கிறது. இரண்டாவதில் தெரிந்தால் பள்ளம் நிரம்பியிருக்கிறது. ஆனால் போட்ட துகளும் புதிய எலும்பும் படத்தில் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும், அது உலோகத்தோடு மறுபடி ஒட்டியிருக்கிறதா என்று எக்ஸ்ரே சொல்லாது. படத்தைக் கீழே வைத்ததும் மருத்துவர் அந்தக் கோடு போட்ட கம்பியைத்தான் மறுபடி கையில் எடுப்பார். அது இறங்கி வெளியே வரும்போது முனையில் ரத்தம் இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள்.